மூன்று ஏக்கர் எள்ளும் ஒரு மூட்டை யூரியாவும்

ராசா,

இந்தக் கடிதத்தை உனக்கு அப்பாதான் வாசித்துக் காட்டப் போகிறார். தமிழ் உனக்குக் காதில் ஏறும், கண்ணில் ஏறாது. ஹைதராபாத்தில், ஏ.எஸ்.ராவ் நகரிலேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்து, தெலுங்கு இரண்டாம் மொழி, இந்தி மூன்றாம் மொழி என்று படிக்கவைத்தவர்கள் நாங்கள். இப்போது உன்னைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது. இங்கிலீஷில் எழுதியிருக்கலாம்தான். அலுவலகத்தில் காலமெல்லாம் இங்கிலீஷில் குறிப்பு எழுதியவள் நான். அப்படி எழுதிய ஒரு குறிப்பைப் பற்றி இதில் சொல்ல வேண்டியிருப்பதால், அந்த மொழியில் எழுதினால் எனக்கே என் மேல் நம்பிக்கை வராது. அப்பாவும் சேர்ந்து கேட்கட்டும். அவருக்கும் இதில் பாதி தெரியாது. (கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்க்காதீங்க. மேலே வாசிங்க.) உன் நண்பர்களுக்கும், உன் நிலத்து நல்லெண்ணெய்க்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் உன் ஆபீஸ்காரர்களுக்கும் இதை நீ சொல்லலாம். ஒளித்து வைக்கும் எண்ணத்தில் நான் எழுதவில்லை.

விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ, நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் மல்லய்யாவை அங்கிருந்து அனுப்பப் போகிறாய். போனில் சொன்னாய். மாட்டுக் கொட்டகை மூலையில், வைக்கோலுக்கு அடியில், காலி யூரியா மூட்டை கிடந்ததாம். ஒரு சிட்டிகை ரசாயனம்கூடப் படக்கூடாது என்று நீ கட்டளை போட்டிருந்த நிலம் அது. மூட்டையைத் தூக்கிக் காட்டி, "எவரு இச்சினாரு?" என்று கேட்டாய், யார் கொடுத்தது என்று. அவர் பதில் சொல்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதில் சொல்லாதவர் தப்பு செய்தவர்தான் என்று நீ முடிவு கட்டிவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை அவரும் அவர் மனைவியும் நிலத்தில் குடியிருக்கும் அந்த ஒற்றை அறையைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டும் வந்துவிட்டாய். அதற்குள் நான் இதைச் சொல்லி முடித்தாக வேண்டும்.

சந்தேகம் உனக்கு என் பக்கத்திலிருந்து வந்தது. அப்பா பக்கத்தில் அந்த வியாதி கிடையாது. அவர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் கருவிகளைச் சோதித்துச் சோதித்தே ஓய்வுபெற்றவர், ஆனால் அந்தச் சோதனையெல்லாம் தொழிற்சாலை கேட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். வெளியே வந்தால் பால்காரர் ஊற்றியது பால், மெக்கானிக் சொன்னது பழுது. நான் அப்படியில்லை. எண்ணெய் வித்து ஆராய்ச்சிப் பண்ணையில் மண்ணையும் எருவையும் உரத்தையும் சோதிக்கும் வேலை எனக்கு. எரு என்று வந்த லாரியில் பாதிக்குமேல் செம்மண் இருக்கும். உரம் என்று வந்த மூட்டையில் உப்பு இருக்கும். புது விதை என்று வந்த பையில் போன வருஷத்து விதை இருக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. பருப்பைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பேன், மிளகாய்த்தூளை உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பேன். நீ எட்டாவது படித்தபோது உன் மார்க் அட்டையில் இருந்த அப்பாவின் கையெழுத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அது அப்பா போட்ட கையெழுத்துதான். நீ என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. சாப்பிட வா என்று மட்டும் சொன்னேன்.

மாதாப்பூரில் கண்ணாடிக் கட்டடத்துக்குள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த நீ, நிலம் வாங்கப் போகிறேன் என்று வந்து நின்றபோது எனக்கு வந்த சந்தேகங்களைத் தனியாக ஒரு நோட்டில் எழுதலாம். உப்பலைத் தாண்டி வரங்கல் ரோட்டில் ஆறு ஏக்கர், நீயும் உன் நண்பன் கிரணும் இன்னொருவனும் சேர்ந்து. முதலில் அதில் பாதியில், மூன்று ஏக்கரில், எள் என்றாய். அந்த ரோட்டில் போகிற வழியெல்லாம் வரிசையாக வீட்டுமனைக் கல் நட்டு, கலர் கொடி கட்டி, 'வென்ச்சர்' என்று போர்டு வைத்திருக்கிறார்கள். எள் விதைக்கிறேன் என்று வாங்கிய நிலத்தில் என்றைக்குக் கல் முளைக்கும் என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கிரண் அந்த நிலத்துக்கு வரும்போதெல்லாம் பயிரைப் பார்க்கிறானா, ரோட்டுக்கு எத்தனை அடி என்று பார்க்கிறானா என்று அவன் கண்ணையே கவனிப்பேன். இன்றைக்கும் எனக்கு அவன் மேல் முழு நம்பிக்கை இல்லை. இதையும் அப்பா அப்படியே வாசிக்கட்டும். ஆனால் உன் மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. நீ நிஜமாகவே நல்ல எண்ணெய் எடுக்க நினைத்தாய். வாங்குகிறவர்களுக்குப் பொய் சொல்லாத ஒரு பொருளைக் கொடுக்க வேண்டும் என்றாய். என் வயிற்றில் பிறந்தவன் வேறு எப்படிப் பேசுவான் என்று பெருமையாகத்தான் இருந்தது.

ஒரே ஒரு இடத்தில்தான் நமக்கு ஒத்துப்போகவில்லை. எரு மட்டும் போதும் என்றாய். நான் இரண்டும் சேர்ந்தால்தான் மானாவாரியில் எள் நிற்கும் என்றேன். இதை நான் எந்தக் கடைக்காரர் சொல்லியும் கற்றுக்கொள்ளவில்லை. மூட்டை உரம் விற்பவரையும் நம்ப மாட்டேன், மூட்டை உரமே விஷம் என்று மேடையில் பேசுபவரையும் நம்ப மாட்டேன். இருவருக்கும் விற்பதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது. எனக்கு விற்க ஒன்றும் இல்லை. வருஷக்கணக்காக ஆமணக்கிலும் எள்ளிலும் பார்த்ததைச் சொல்கிறேன். மழை தாராளமாகப் பெய்த வருஷம் மூட்டை உரம் மட்டும் போட்ட பாத்தி முந்திக்கொள்ளும். மழை ஏமாற்றிய வருஷம் அதே பாத்தி காய்ந்து கருகும், ஏனென்றால் ஈரத்தைப் பிடித்து வைக்க மண்ணில் ஒன்றும் இருக்காது. எரு மட்டும் போட்ட பாத்தி காயாது, ஆனால் பயிருக்குப் பசிக்கும் நேரத்துக்கு எருவில் இருக்கும் சத்து வந்து சேராது. பாதி எரு, பாதி உரம் போட்ட பாத்தி எந்த வருஷமும் பெரிதாக ஜெயித்ததில்லை, எந்த வருஷமும் கையை விரித்ததும் இல்லை. கிணறும் வாய்க்காலும் இல்லாத சம்சாரிக்கு வேறென்ன வேண்டும். இதைச் சொன்னதற்கு நீ, "அம்மா, ப்ளீஸ், லைட் தீஸ்கோ" என்றாய்.

"ஏய்யா, எதை லைட்டா எடுக்கச் சொல்லுத? மூணு ஏக்கரையா?" என்று கேட்டேன். நீ சிரித்துவிட்டுப் போய்விட்டாய்.

இப்போது பழைய கதைக்கு வருகிறேன். கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே நாளில் நின்றுவிடப் போகின்றன என்று ஊரெல்லாம் பயந்துகொண்டிருந்த வருஷம் அது. நல்கொண்டா பக்கம் ஒரு கிராமத்தில், ஒரு விவசாயியின் சொந்த நிலத்திலேயே ஆமணக்குப் பரிசோதனை போட்டிருந்தோம். நிலத்தை நான்கு துண்டாகப் பிரித்தோம். ஒன்றில் தொழு உரம் மட்டும். ஒன்றில் மூட்டை உரம் மட்டும். ஒன்றில் இரண்டும் பாதிப் பாதி. நான்காவது துண்டில் எதுவுமே போடக்கூடாது. மற்ற மூன்றும் எவ்வளவு தேறின என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும். அதைப் பட்டினி போட்டே ஆக வேண்டும். அங்கே காவலுக்கும் களை எடுப்பதற்கும் யாதகிரி என்று ஒருவர் இருந்தார். பண்ணையில் தினக்கூலி. இரண்டு பெண் குழந்தைகளின் தகப்பன். என்றைக்காவது வேலை நிரந்தரமாகும் என்று காத்திருந்தவர்களில் ஒருவர். உரம் வைத்திருந்த அறையின் சாவி அவரிடம்தான் இருந்தது. அவருக்குச் சொந்த ஊரும் அதுதான்.

ஒன்றுமே போடாத துண்டு பச்சைப் பசேல் என்று வளர ஆரம்பித்தது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஜீப்பில் போய்ப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் இலை இன்னும் கறுத்துப் பெரிதாக இருந்தது. எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை. சாவி யாரிடம் இருக்கிறது? யாதகிரியிடம். நிலத்துக்காரர் வீட்டில் யார் மோர் வாங்கிக் குடிக்கிறார்? யாதகிரி. அப்படியென்றால் பண்ணை யூரியாவை எடுத்து ஊர்க்காரருக்குக் கொடுக்கிறார், கொடுக்கும்போது சிந்தியதோ, வேண்டுமென்றே போட்டதோ இந்தத் துண்டில் விழுகிறது. நான் கண்ணால் எதையும் பார்க்கவில்லை. ஆனால் எல்லாம் ஒன்றோடொன்று அவ்வளவு அழகாகப் பொருந்தியது. சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு சுகம் இருக்கிறது ராசா. எல்லாரும் ஏமாந்துகொண்டிருக்கும்போது நான் மட்டும் கண்டுபிடித்துவிட்டேன் என்கிற சுகம். மூட்டையைத் தூக்கிக் காட்டியபோது உனக்கும் அது இருந்திருக்கும்.

யாதகிரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் மல்லய்யா மாதிரி வாய் மூடி நிற்கவில்லை. நிறையப் பேசினார். "நேனு காது மேடம்" என்றார், நான் இல்லை என்று. பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். கடைசியில் என் முகத்தைப் பார்த்து, "மீரு சூசின்றா மேடம்?" என்று கேட்டார். நீங்கள் பார்த்தீர்களா. கேட்டது நியாயமான கேள்வி. எனக்கு அது திமிராகப் பட்டது. இவ்வளவு பேசுகிறவர் குற்றமுள்ள நெஞ்சுக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அன்றைக்கே அரைப் பக்கத்தில் இங்கிலீஷில் ஒரு குறிப்பு எழுதி அதிகாரிக்கு அனுப்பினேன். நல்ல இங்கிலீஷ். ஒரு திருத்தம்கூட இல்லாமல் எழுதினேன். மறு வாரம் யாதகிரி வேலைக்கு வரவில்லை. தினக்கூலிக்காரரை நிறுத்த விசாரணை, உத்தரவு எதுவும் வேண்டாம். வராதே என்று ஒரு வார்த்தை போதும்.

அறுவடைக்குப் போனபோதுதான் உண்மை வெளியே வந்தது. நிலத்துக்காரரின் மனைவி நரசம்மா எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் அந்த நான்காவது துண்டைப் பார்த்தபடி நின்றேன். அவள் தானாகவே சிரித்துக்கொண்டு சொன்னாள். தினம் விடிகிற நேரத்தில் கொட்டகையைக் கூட்டி, மாட்டு மூத்திரத்தில் ஊறிய சாணத்தை ஒரு கூடை கொண்டுபோய் அதில் கொட்டுவாளாம். விதைத்த வாரத்திலிருந்தே. ஏன் என்று கேட்டேன். "பாபம், அதி கூட மா பூமே கதா மேடம்" என்றாள். பாவம், அதுவும் எங்கள் நிலம்தானே. மூன்று துண்டுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு ஒன்றை மட்டும் பட்டினி போட்டால் அவளுக்கு மனசு கேட்கவில்லை. நாங்கள் மறந்துபோய் விட்டுவிட்டோம், கேட்டால் சங்கடப்படுவோம் என்று நினைத்துத்தான் சொல்லாமலே செய்திருக்கிறாள். எனக்கு நல்லது செய்ததாகத்தான் அவள் நினைப்பு.

நான் அங்கேயே ஜீப்பைத் திருப்பச் சொல்லி யாதகிரி வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். நடந்து போகிற தூரம்தான். போகவில்லை. மோரைக் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன். அலுவலகத்துக்கு வந்து, நான்காவது துண்டில் மாடு புகுந்து மேய்ந்துவிட்டதால் கணக்கில் சேர்க்கவில்லை என்று எழுதினேன். அதுவும் பொய். உண்மையை எழுதினால் நான் எழுதிய அந்த முதல் குறிப்பு தப்பு என்றாகும், பரிசோதனையைக் கவனிக்கத் தெரியாதவள் என்றும் பெயர் வரும். அந்த வருஷம்தான் எனக்குப் பதவி உயர்வுக்கான நேர்காணல். கிடைத்தது. அன்றைக்கு உங்கள் இருவருக்கும் செகந்திராபாத்தில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். நீ இரண்டு கப் சாப்பிட்டாய். எனக்குத் தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டு நான் சாப்பிடவில்லை. அப்பா நம்பினார். அவர் எதைத்தான் நம்ப மாட்டார்.

இனி உன் நிலம். ஆனி கழிந்து முதல் மழைக்கு விதைத்தாய். நான் வந்தபோது எள் முழங்கால் உயரம்கூட இல்லை, அடி இலையெல்லாம் வெளுத்து மஞ்சளாகியிருந்தது. நீ பூச்சியா என்று இலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் மண்ணைக் கிளறி ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்தேன். நன்றாக மட்கிய எருவில் புதுமழை மண்ணின் வாசனை வரும். இதில் மரக்கடை வாசனை வந்தது. லாரியைப் பெரிதாகக் காட்ட யாரோ சாணத்தில் மரத்தூளைக் கலந்து விற்றிருக்கிறார்கள். மட்காத மரத்தூள் மண்ணுக்குள் போனால், அதைத் தின்று மட்கவைக்கும் கிருமிகள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். கல்யாணத்துக்குப் பரிமாற வந்தவர்களே முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. அவர்கள் எழுந்திருக்கும்வரை பயிர் காத்திருக்க வேண்டும். தொண்ணூறு நாள் பயிர் எத்தனை நாள் காத்திருக்கும்?

சொன்னேன். நீ கேட்கவில்லை. கிரணுக்குத் தெரிந்தவர் கொடுத்த எரு, அதில் தப்பு இருக்காது என்றாய். "நீ எல்லாத்தையும் டவுட் பண்ணுவே அம்மா. மனுஷங்கள நம்பவே மாட்டியா?" என்றாய். அந்தக் கேள்வி என்னைச் சுருக்கென்று குத்தியது. வீட்டுக்கு வரும்வரை நான் காரில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். கோபம் என்று நீ நினைத்திருப்பாய். எனக்கு அந்த மஞ்சள் இலைகள்தான் கண்ணில் நின்றன. இன்னும் ஒரு வாரம் போனால் பூக்கிற நேரம் வந்துவிடும். பிறகு எது போட்டும் பயனில்லை.

புதன்கிழமை அப்பா பேங்குக்குப் போனதும் நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு உப்பலுக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஒரு விதை உரக் கடையில் ஒரு மூட்டை யூரியா வாங்கினேன். மூட்டையைப் பிரித்து, விரலில் எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆட்டோவின் பின் சீட்டில் மூட்டையும் நானும். முந்தின நாள் நல்ல மழை பெய்து நிலம் பதமாக இருந்தது, மேலுரம் போட அதைவிட நல்ல நாள் கிடைக்காது. மல்லய்யா மூட்டையைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார். "சாரு வத்தன்னடு கதம்மா" என்றார். சார் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாரே. நான் சாருக்கு அம்மா என்றேன். சாரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் வாய் திறக்க வேண்டாம் என்றேன். அவர் இரண்டு முறை கேட்டார், நிஜமாகச் சொல்லிவிடுவீர்களா என்று. சொல்லிவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவரும் அவர் மனைவியும் வரிசை வரிசையாகப் போட்டார்கள். நான் வரப்பில் குடை பிடித்து நின்று, செடியின் அடியில் படாமல் தள்ளிப் போடச் சொல்லி அதிகாரம் செய்தேன்.

ஆம் ராசா. அந்த மூட்டை நான் கொடுத்தது. நீ கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான்.

பத்து நாள் கழித்து நீ போன் செய்தாய். உன் குரலில் அவ்வளவு சந்தோஷம். "அம்மா, சூசாவா? ஃபுல்லா பச்சை ஆயிடுச்சு. நீதான் மரத்தூள் அது இதுன்னே. பேஷன்ஸ் இருந்தா எல்லாம் சரியாகும்" என்றாய். ஆபீஸில் எல்லாருக்கும் போட்டோ அனுப்பியதாகவும் சொன்னாய். அந்த நொடி சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. "சந்தோஷம்யா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளினேன், அதற்கடுத்த வாரம் என்றேன். அதற்குள் மூட்டை உன் கையில் கிடைத்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கத்தினாயே, அப்போதும் நான், "அப்படியா" என்றுதான் கேட்டேன். மல்லய்யா என்னிடம் வாங்கிய வாக்கை நினைத்துக்கொண்டு உன் முன்னால் தலைகுனிந்து நின்றிருக்கிறார். அம்மாவே சொல்லட்டும், மகனிடம் தாயைக் காட்டிக்கொடுப்பானேன் என்று இருந்திருக்கிறார். வாய் திறக்க வேண்டாம் என்ற என் சொல்லை அவர் காப்பாற்றினார். என் வாக்கை நான் காப்பாற்றவில்லை. அன்று ஒருவர் பேசினார், நான் நம்பவில்லை. இன்று ஒருவர் பேசவில்லை, நீ நம்பவில்லை. பேசினாலும் பேசாவிட்டாலும் வேலை போவது அவர்களுக்குத்தான்.

எதற்காக அப்படிச் செய்தேன் என்று நாலு நாளாக என்னையே குடைந்துகொண்டிருக்கிறேன். பயிர் பட்டினி கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. நரசம்மா அப்படித்தான் செய்தாள், அவளை நான் இன்றைக்கும் நம்புகிறேன். என்னை நம்பத்தான் யோசனையாக இருக்கிறது. நான் சொன்னதுதான் சரி என்று மூன்று ஏக்கரும் பச்சையாக நின்று சொல்ல வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. எந்தப் பங்கு பெரியது என்று எந்தச் சோதனைக்கூடத்திலும் பார்க்க முடியாது. எப்படியானாலும் அது உன் நிலம். நீ வைத்த விதி. தப்பான விதியாகவே இருந்தாலும் உன் எதிரில் நின்று சண்டை போட்டிருக்க வேண்டுமே தவிர, நீ இல்லாத நேரம் பார்த்து மீறியிருக்கக் கூடாது. இன்னொருவர் போட்ட பரிசோதனையில் கை வைப்பது எவ்வளவு பெரிய தப்பு என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் நான்.

ஆகவே இப்போது உனக்கு நான் சொல்வதைப் புத்திமதியாக எடுத்துக்கொள்ளாதே, அந்த யோக்கியதையை நான் தொலைத்துவிட்டேன். தப்பு செய்தவள் கேட்டுக்கொள்வதாக எடுத்துக்கொள். இந்த வருஷ எண்ணெயில் ரசாயனமே படாதது என்று லேபிள் ஒட்டாதே. என்ன போட்டோமோ அதை அப்படியே எழுது. எரு இவ்வளவு, உரம் ஒரு மூட்டை, ஒரே ஒரு தடவை, மழைக்கு மறுநாள் என்று எழுது. நாலு பேர் வேண்டாம் என்று போவார்கள், போகட்டும். கிரண் இதையெல்லாம் எழுத வேண்டாம், யாருக்குத் தெரியப் போகிறது என்று சொன்னால், அவன் மேல் எனக்கு இருக்கும் சந்தேகத்தைக் கொஞ்சம் நீயும் கடன் வாங்கிக்கொள். அடுத்த பருவத்துக்கு எரு மட்டும்தான் என்று நீ முடிவெடுத்தால் நான் குறுக்கே வர மாட்டேன். ஆனால் எருவை ஆறு மாதம் முன்னாலேயே வாங்கிக் குழியில் போட்டு மட்கவை. லாரி வரும்போது என்னைக் கூப்பிடு. அந்த ஒரு விஷயத்தில் என் மூக்கை நீ நம்பலாம்.

சந்தேகப்படுவதை விட்டுவிடு என்றும் சொல்ல மாட்டேன். இந்த ஊரில் இந்தக் காலத்தில் சந்தேகப்படாதவன் எருவுக்குப் பதில் மரத்தூளைத்தான் வாங்குவான், வாங்கினாய். கேட்டுக்கொள்வதெல்லாம், உன் சந்தேகம் எந்தப் பக்கம் போகிறது என்று பார். எனக்கு அன்றைக்கு அதிகாரி மேல் சந்தேகம் வரவில்லை, நிலத்துக்காரர் மேல் வரவில்லை, என் கணக்கின் மேல் வரவில்லை. சாவி வைத்திருந்த கூலிக்காரர் மேல்தான் வந்தது. உனக்கு எரு விற்றவர் மேல் வரவில்லை, கிரண் மேல் வரவில்லை, உரத்தைப் பற்றி ஓயாமல் பேசிய உன் அம்மா மேல்கூட வரவில்லை. ஒற்றை அறையில் குடியிருப்பவர் மேல்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போ. மல்லய்யாவிடமும் அவர் மனைவியிடமும் நான் தெலுங்கில் பேசுகிறேன், நீ பக்கத்தில் நில். நீ அவரிடம் கேட்ட அந்தக் கேள்வியை என்னிடம் எல்லார் முன்னாலும் கேள். அதே குரலில் கேள். பதில் சொல்கிறேன். பிறகு அவர் அங்கே இருப்பதா போவதா என்பதை அவர் சொல்லட்டும். போகிறேன் என்றால் நீதான் இரு என்று கெஞ்ச வேண்டும், எனக்கு அந்த உரிமை கிடையாது.

அங்கிருந்து நேராக வீட்டுக்குத் திரும்ப வேண்டாம். ரிங் ரோடு பிடித்துச் சாகர் ரோட்டில் இறங்கினால் இரண்டு மணி நேரத்தில் யாதகிரியின் ஊர் வந்துவிடும் என்று அப்பா சொல்கிறார். எதற்குக் கேட்கிறாய் என்று அவர் கேட்கவில்லை, இப்போது தெரிந்திருக்கும். யாதகிரி இருக்கிறாரா, இல்லையா, அந்தப் பெண்கள் எங்கே இருக்கிறார்கள், எனக்கு ஒன்றும் தெரியாது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் விசாரிக்கவில்லை. அந்தப் பக்கம் ஆய்வுக்குப் போக வேண்டி வந்தபோதெல்லாம் வேறு ஆளை அனுப்பினேன். வீட்டு வாசலில் என்னை இறக்கிவிடு. கதவு திறந்தால் என்ன சொல்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. நீ காரிலேயே இரு ராசா. அது நான் தனியாகப் போக வேண்டிய வீடு.

அம்மா